வேலையில் ஓரவஞ்சனை: சட்டம் தரும் காப்பு

ஒரே தோட்டம், ஒரே பிரட்டு, ஒரே வகையான வேலை. ஆயினும் ஒருவருக்கு ஒரு முறை, மற்றொருவருக்கு வேறு முறை என்னும் மனக்குறை தோட்டப்புறங்களில் நெடுங்காலமாக இருந்து வருவது நாம் அறிந்ததே. நம் மக்கள் இதனை ‘ஓரவஞ்சனை’ என்று வழங்குவர். சட்டம் இதனைப் ‘பாகுபாடு’ என்கிறது. இக்குறையை விசாரித்து முடிவு கூறும் அதிகாரத்தைத் தொழிலாளர் இலாகாவின் தலைமை இயக்குநருக்கு வழங்கும் தனிப் பிரிவொன்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டு, 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு நடப்பில் இருந்து வருகிறது. ஆதலின், பாகுபாடு என்பது யாது, எதனைச் சட்டம் தடுக்கிறது, எதனைத் தடுக்கவில்லை, குறையுடையோர் எங்கே செல்ல வேண்டும் என்பனவற்றை இங்கு விளக்க முற்படுகிறோம்.

நம் முன்னோர் பால்மரம் வெட்டிய காலத்தில் பாகுபாடு ஒளிவுமறைவாக நடைபெறவில்லை. அதுவே முறையாக இருந்தது. 1920களின் பிற்பகுதியில், போக்குவரத்து வசதி உள்ள தோட்டங்களில் இந்தியத் தொழிலாளருக்கென்று நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரத்தைச் சீவுகிறவர் ஆணா பெண்ணா என்று பால்மரம் பார்ப்பதில்லை. கூலிப் புத்தகம் மட்டும் பார்த்தது! பொருளாதார மந்தத்தின்போது அந்தக் கூலியும் குறைக்கப்பட்டது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து வந்து தோட்டங்களைப் பார்வையிட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், பழைய கூலியை மீண்டும் வழங்க வேண்டும் என்று பரிந்துரை செய்தார். அந்தப் பழைய கூலியிலும் பெண்ணின் பங்கு குறைவாகவே இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மூண்ட வேலைநிறுத்தம் இதன் அடுத்த கட்டமாகும். சீனத் தொழிலாளர் பெற்ற கூலிக்கு நிகரான கூலி தங்களுக்கும் வேண்டும் என்பது அவர்கள் விடுத்த கோரிக்கைகளுள் ஒன்று. துரையைக் கண்டதும் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பது மற்றொன்று. கூலியில் மட்டுமன்றி, நடத்தப்படும் முறையிலும் பாகுபாடு உண்டு என்பதை அன்றே அவர்கள் உணர்ந்திருந்தனர். தலைமை ஏற்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டு வேலைநிறுத்தம் அடக்கப்பட்டது.

அதன் பின்னர் நிலைமை வெகுவாக மாறிவிட்டது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. சமமான மதிப்புடைய வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் வேண்டும் என்னும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 100ஆம் உடன்படிக்கையை மலேசியா 1997இல் ஏற்றுக்கொண்டது. 2013ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம், ஆண் பெண் என்றோ, உள்நாட்டவர் வெளிநாட்டவர் என்றோ வேறுபாடு பாராமல் வகுக்கப்பட்டது. அத்தொகை 2025ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி. ஐவருக்கும் குறைவான தொழிலாளர்களை உடைய முதலாளிகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்டு முதல் இது நடப்புக்கு வந்தது. பால் எடைக்கு ஏற்பக் கூலி பெறுவோரும் இவ்வளவுக்குக் கீழே இறங்கலாகாது.

அரசியலமைப்பும் தனியார் தோட்டமும்

“அரசியலமைப்பே எல்லாரும் சமம் என்று கூறுகின்றதே! பின்னர் வேறு சட்டம் எதற்கு?” என்று சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று கூறுகிறது. அரசியலமைப்பே வெளிப்படையாக அனுமதித்துள்ளவை நீங்கலாக, சமயம், இனம், வமிசாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாகக் கொண்டு குடிமக்களிடையே பாகுபாடு காட்டலாகாது என்றும் அது விதிக்கிறது. ஆண், பெண் என்னும் பால் வேறுபாடும் இவ்வரிசையில் 2001ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது.

எனினும் இவ்விதி யாரைக் கட்டுப்படுத்தும் என்பதில்தான் சிக்கல் எழுந்தது. விமானப் பணிப்பெண் ஒருவர் கருவுற்றார். கருவுற்றால் பதவி விலக வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அவர் விலக மறுத்தார், வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றது. அரசியலமைப்பின் 8ஆவது விதி அரசாங்கத்தையும் பொது அதிகாரிகளையும் கட்டுப்படுத்துமேயன்றி, தனியார் இருவர் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்திற்குள் நுழையாது என்று 2005இல் நீதிமன்றம் கூறிவிட்டது. மறுபுறம், தற்காலிக ஆசிரியையாக நியமனம் பெற்ற பெண்மணி ஒருவரின் நியமனம், அவர் கருவுற்றிருந்த காரணத்தால் மீட்டுக்கொள்ளப்பட்டது. 2011ஆம் ஆண்டில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம் இதனைப் பால் அடிப்படையிலான பாகுபாடு என்று முடிவு செய்தது. அங்கே முதலாளி அரசாங்கம். எனவே 8ஆவது விதி துணை நின்றது.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். இருவரும் கருவுற்ற பெண்கள். இருவரும் வேலை இழந்தவர்கள். ஒருவருக்குக் கிடைத்த காப்பு மற்றவருக்குக் கிடைக்கவில்லை. கம்பெனித் தோட்டத்தில் வேலை செய்யும் நம் தாய்மார்களின் நிலை அந்த விமானப் பணிப்பெண்ணின் நிலையை ஒத்ததாகும். இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பவே 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 69எஃப் என்னும் பிரிவைக் கொண்டு வந்தது.

இப்பிரிவின்படி, வேலையில் பாகுபாடு தொடர்பாகத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே எழும் எந்தத் தகராற்றையும் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம், முடிவு கூறலாம், அம்முடிவுக்கு ஏற்பக் கட்டளையும் பிறப்பிக்கலாம். கட்டளையை மீறும் முதலாளிக்கு 50,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். தண்டனைக்குப் பின்னும் குற்றம் தொடருமானால், தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 1,000 வெள்ளி வரை மேலும் அபராதம் உண்டு.

இப்பிரிவின் எல்லைகளையும் ஒளிக்காமல் கூற வேண்டும். பாகுபாடு என்றால் இன்னது என்று சட்டம் வரையறுக்கவில்லை. எந்தெந்தக் காரணங்களால் வேற்றுமை காட்டலாகாது என்று பட்டியலிடவும் இல்லை. இதனை ஒரு குறை என்றே நாம் கருதுகிறோம். எனினும், உங்கள் குறை பட்டியலில் இல்லை என்று கூறி மனுவைத் திருப்பிவிடுவதற்கும் அங்கு இடமில்லை. மற்றோர் எல்லை, ‘தொழிலாளிக்கும் அவருடைய முதலாளிக்கும் இடையே’ என்னும் சொற்களில் உள்ளது. வேலை கேட்டுச் சென்று மறுக்கப்பட்டவர் இன்னும் தொழிலாளி ஆகவில்லை. ஆகவே இப்பிரிவின் வாசகம் அவரைத் தொடவில்லை. மேலும், வேலைச் சட்டம் தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உரியது. சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனித்தனித் தொழிலாளர் சட்டங்கள் உள்ளன.

எது பாகுபாடு, எது அன்று?

இதுவே நம் வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதியாகும். ரப்பர்த் தோட்டத்தில் பாகுபாடு சம்பள விகிதத்தில் வெளிப்படையாகத் தோன்றுவது இன்று அரிது. பலகையில் எழுதி ஒட்டப்படும் விகிதம் எல்லார்க்கும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் யாருக்கு எந்த மரங்கள் என்னும் ஒதுக்கீட்டில் வேற்றுமை புகுந்துவிடக்கூடும்.

சமநிலத்தில் நன்கு பால் சுரக்கும் மரங்களைப் பெற்றவரும், மேட்டு நிலத்தில் பட்டை தேய்ந்த முதிய மரங்களைப் பெற்றவரும் விடியற்காலையில் ஒரே நேரத்தில்தான் காட்டுக்குள் செல்கின்றனர். நண்பகலில் பால் நிறுக்கும் இடத்தில் வாளியை வைக்கும்போது எடை வேறாகிறது. எடைக்கு ஏற்ற கூலி என்றால், மாத முடிவில் சம்பளமும் வேறாகிறது. இது பாகுபாடா? உடனே ஆம் என்று கூறிவிட முடியாது. எல்லா மரங்களும் ஒன்றுபோல் சுரப்பதில்லை. யாரேனும் ஒருவர் முதிய மரங்களையும் வெட்டத்தான் வேண்டும். கைத்திறனும் எடையை மாற்றும். சட்டம் வேற்றுமை அனைத்தையும் தடுக்கவில்லை. வேற்றுமைக்கு வேலையோடு தொடர்புடைய நேரிய காரணம் உண்டா என்பதே கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக எண்ணிப் பார்ப்போம். ஒரு மண்டோரின் பொறுப்பில் பால் வெட்டுவோர் இருபது பேர் இருக்கின்றனர். முதிய மரங்கள் உள்ள பகுதி முறைவைத்து மாற்றித் தரப்படுகிறது. அப்படியானால் அங்கே குறை கூற இடமில்லை. அதே பகுதி, ஆண்டு முழுவதும் பெண்களுக்கே தரப்படுகிறது. அல்லது ஒரே இனத்தாருக்கோ, ஒரு சமயத்தாருக்கோ, சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசிய இருவருக்கோ மட்டும் தரப்படுகிறது. கேட்டால், “அப்படித்தான் வழக்கம்” என்று விடை வருகிறது. இப்பொழுது விசாரிக்க வேண்டிய பொருள் ஒன்று தோன்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூடுதல் வேலைக்கு யார் அழைக்கப்படுகின்றனர், வெளிக்காட்டு வேலையிலிருந்து பால் வெட்டுக்கு யார் உயர்த்தப்படுகின்றனர், மண்டோர் பதவி யாருக்குக் கிடைக்கிறது என்பனவற்றையும் இதே அளவுகோலால் அளக்கலாம்.

எனவே, “எனக்குக் குறைத்துத் தருகிறார்கள்” என்று மட்டும் முறையிடுவது போதாது. யாரோடு ஒப்பிடும்போது குறைவு, எத்தனை மாதமாக, அதற்கு முதலாளி தரப்பில் என்ன காரணம் கூறப்பட்டது என்னும் மூன்றுக்கும் விடை இருத்தல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்று இதற்குப் போதுமானது. நாள், தரப்பட்ட மரப்பகுதி, பால் எடை, அன்று கூறப்பட்ட சொல் ஆகியவற்றை அன்றன்றே குறித்து வர வேண்டும். மாதச் சம்பளச் சீட்டுகளையும் எறிந்துவிடாமல் கட்டி வைக்க வேண்டும். முதலாளியும் தொழிலாளர் பதிவேட்டை ஆறு ஆண்டுகளுக்குக் காத்து வைக்கச் சட்டத்தால் கடமைப்பட்டவர். ஆதலின் உங்கள் குறிப்பும் அவருடைய பதிவேடும் விசாரணை அதிகாரியின் மேசையில் ஒப்பிடப்படக்கூடும்.

வேலை நாட்களைக் குறைத்துத் தண்டிப்பதும் ஒரு வகைப் பாகுபாடே. இதற்குத் தோட்டத் தொழிலாளருக்கென்றே வேலைச் சட்டத்தில் பழைய பாதுகாப்பு ஒன்று உண்டு; பலர் இதனை மறந்துவிட்டனர். வேலை செய்த நாட்களைக் கணக்கிட்டுக் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாட்களுக்குக் குறையாமல் அவரால் செய்யக்கூடிய வேலையை முதலாளி தர வேண்டும் என்று 16ஆவது பிரிவு கட்டளையிடுகிறது. தொழிலாளி வேலை செய்ய விருப்பமும் உடல்நலமும் உடையவராக இருந்து, முதலாளி வேலை தரத் தவறினால், அந்நாட்களுக்கும் கூலி கொடுத்தே ஆக வேண்டும்.

தாய்மார்களுக்கு உரிய காப்பு

கருவுற்ற பெண்களைப் பொறுத்தவரை சட்டம் ஐயத்திற்கு இடமின்றிப் பேசுகிறது. கருவுற்றிருக்கும் காலத்திலும், கருப்பத்தால் உண்டான நோயால் வருந்தும் காலத்திலும் ஒரு பெண்ணை வேலையிலிருந்து நீக்குவது குற்றம் என்று 41ஏ பிரிவு கூறுகிறது. வேண்டுமென்றே ஒப்பந்தத்தை மீறுதல், ஒழுங்கீனம், முதலாளி தொழிலையே மூடிவிடுதல் ஆகியவை மட்டுமே இதற்கு விலக்கு. இதில் ஒரு சிறப்பு உண்டு. “கருவுற்றதால்தான் என்னை நீக்கினார்கள்” என்று அந்தப் பெண் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. காரணம் அதுவன்று என்று முதலாளியே மெய்ப்பிக்க வேண்டும்.

பேறுகால விடுப்பு முன்னர் 60 நாட்களாக இருந்தது; 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் அது 98 நாட்களாக உயர்ந்துள்ளது. உயிரோடுள்ள குழந்தைகள் ஐவருக்குக் குறைவாக இருப்பின், பேறுகாலத்திற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் மொத்தம் 90 நாட்களுக்குக் குறையாமலும், கடைசி நான்கு மாதங்களில் எப்பொழுதேனும் ஒரு சமயத்திலும் அந்த முதலாளியிடம் வேலையில் இருந்தவர் இவ்விடுப்புக்கான படியைப் பெறலாம்.

நடைமுறையில் எழும் ஒரு சிக்கலையும் கூற வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு மேட்டு நிலத்தில் வாளி சுமக்க இயலாது என்று ஒரு பெண்ணே கேட்டு, இலேசான வேலைக்கு மாறிக்கொள்வது ஒன்று. அவர் கேளாமலேயே, “பிள்ளைத்தாய்ச்சிக்கு இது போதும்” என்று கூலி குறைந்த வேலைக்குத் தள்ளுவது வேறொன்று. பின்னது 69எஃப் பிரிவின்கீழ் முறையிடத் தக்கது. ஆகவே மாற்றம் வேண்டுவோர் அதனை எழுத்து மூலம் கேட்பதும், வேண்டாதவர் தம் மறுப்பை எழுத்து மூலம் தெரிவிப்பதும் நலம்.

முன்னாளில் பெண்களைக் காப்பதாக எண்ணி வகுக்கப்பட்ட விதிகளும் சில இருந்தன. தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெண்களை வேலைக்கு அமர்த்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. இலாகாவின் அனுமதி பெற்றால் மட்டுமே விலக்குக் கிட்டும். காப்பாக வந்த அவ்விதி பெண்களின் வருமானத்திற்குத் தடையாகவும் நின்றதால், அதுவும் 2022ஆம் ஆண்டின் திருத்தத்தில் நீக்கப்பட்டது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் இருள் பிரியுமுன் காட்டுக்குள் செல்லும் பெண்களின் பாதுகாப்பைப் பற்றித் தோட்ட நிர்வாகங்கள் இனி முன்னிலும் கூடுதலாகச் சிந்திக்க வேண்டியிருக்கும்.

சங்கம், குடியுரிமை, வயது

தொழிற்சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை ஒதுக்குவது வேறொரு சட்டத்தின்கீழ் வருகிறது. 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, சங்க உறுப்பினர் என்பதற்காக வேலை, பதவி உயர்வு, வேலை நிபந்தனைகள் ஆகியவற்றில் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கிறது. இம்முறையீடு தொழிலாளர் இலாகாவுக்கன்றித் தொழிலியல் உறவு இலாகாவுக்குச் செல்ல வேண்டும். நம் தோழர்கள் பலர் இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி அலைகின்றனர். தொழிற்சங்கக் கிளைச் செயலாளரை முதலில் கலந்துகொண்டால் இந்த அலைச்சல் மிஞ்சும்.

வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் இன்று தோட்டங்களில் நம்மோடு சேர்ந்து உழைக்கின்றனர். உள்நாட்டுத் தொழிலாளரை விட வெளிநாட்டவருக்குச் சலுகை என்றோ, வெளிநாட்டவரை விட உள்நாட்டவருக்குச் சலுகை என்றோ குறை தோன்றினால், இரு சாராருமே 60எல் பிரிவின்கீழ் முறையிடலாம். வெளிநாட்டுத் தொழிலாளரை அமர்த்தும் நோக்கத்தோடு உள்நாட்டுத் தொழிலாளரை நீக்கலாகாது என்று அடுத்த பிரிவு கூறுகிறது. ஆள்குறைப்பு நேரும்போது, ஒரே வகை வேலையில் உள்ளவர்களுள் வெளிநாட்டவரையே முதலில் நிறுத்த வேண்டும் என்பதும் சட்டம். கப்பலேறி வந்த நம் பாட்டனார்களும் ஒரு காலத்தில் இந்நாட்டுக்கு வெளியூர்க் கூலிகளே. அவர்களுக்குச் சமக்கூலி மறுக்கப்பட்டதை மேலே கண்டோம். ஆதலின் பக்கத்து வீட்டு வங்காளதேசத்துத் தம்பிக்குக் கூலி குறைத்துத் தரப்படுவதைக் கண்டு நாம் வாளாவிருப்பது அழகன்று. மலிவான கூலிக்கு ஆள் கிடைத்தால் நம் கூலியும் உயராது என்பது வேறு!

வயது பற்றி ஒரு சொல். 55 வயதில் ஓய்வு என்பது தோட்டங்களில் முன்பு பழகிப்போன வழக்கம். 2013ஆம் ஆண்டு ஜூலை முதல், தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. குடிமக்களும் நிரந்தர வசிப்பிடத் தகுதி பெற்றோரும் இதற்கு உரியவர். வயதைக் காட்டி அதற்கு முன்னரே ஒருவரை ஓய்வு பெறச் செய்தால், அவர் 60 நாட்களுக்குள் தொழிலாளர் இலாகாவில் எழுத்து மூலம் முறையிட வேண்டும்.

முறையிடும் வழி

பாகுபாடு பற்றிய குறையை முதலில் தோட்ட நிர்வாகியிடம் எழுதிக் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அங்கே விடை கிடையாவிடில், மூத்தவர்கள் ‘பெஜாபாட் புரூ’ என்று வழங்கும் தொழிலாளர் இலாகாவின் அருகிலுள்ள அலுவலகத்திற்குச் செல்ல வேண்டும். முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. குத்தகைக்காரர் மூலம் வேலைக்கு வந்தவரும் தயங்க வேண்டியதில்லை. அவரை வேலைக்கு அமர்த்தி அந்த வேலைக்குச் சம்பளம் தருபவர் குத்தகைக்காரராயின், மனுவில் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் சேர்த்துக் குறிப்பிட வேண்டும்.

முறையிட்டால் வேலை போய்விடுமோ என்னும் அச்சமே பலரைத் தடுத்து நிறுத்துகிறது. இந்த அச்சம் வீண் என்று நாம் கூறமாட்டோம். வேலை போனால் பலருக்குத் தோட்டத்து வீடும் போய்விடும் என்பதை அறிவோம். ஆனால் நேரிய காரணமின்றி நீக்கப்பட்டவர், மீண்டும் வேலையில் அமர்த்துமாறு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்கீழ் மனுச் செய்யலாம். சமரசம் ஏற்படாவிடில், அம்மனு தொழிலியல் நீதிமன்றத்திற்கு அனுப்பப்படும். 2021ஆம் ஆண்டு முதல் இதற்கு அமைச்சரின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தலைமை இயக்குநரே அனுப்பி வைக்கிறார்.

இம்மனுவுக்கும் காலக்கெடு 60 நாட்களே. வேலை நீக்கம் நடப்புக்கு வந்த நாளிலிருந்து அது கணக்கிடப்படுகிறது. நிர்வாகம் அழைத்துப் பேசும் என்று காத்திருந்தும், வேறு தோட்டத்தில் வேலை தேடி அலைந்தும் இக்காலத்தைக் கழித்துவிடலாகாது. நீக்கக் கடிதம் கைக்கு வந்தவுடன் அதிலுள்ள நாளைப் பார்த்து, நாட்காட்டியில் 60ஆவது நாளைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னரே மனுவைச் சேர்ப்பிக்க வேண்டும். சேர்ப்பித்ததற்கு அலுவலக முத்திரையிட்ட நகலையும் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.